கொமில்லாவின் ஆசிரியர்: அக்தர் ஹமீத் கான்

ஓர் ஏழைக் கிராமத்துக்கு உதவி செய்வது எளிது. அரிசி மூட்டைகளை இறக்கலாம், ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கொடுக்கலாம், வீடு கட்டித் தரலாம். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே கிராமத்துக்குப் போனால் பல இடங்களில் ஒரே காட்சிதான். பழுதான பம்பைச் சரிசெய்ய ஆள் இருக்காது. கட்டிக் கொடுத்த கூடம் பூட்டிக் கிடக்கும். ஊர் மக்கள் அடுத்த உதவிக்காகக் காத்திருப்பார்கள். கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. பிறகு எங்கே தவறு நடக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் பதிலாகத் தந்தவர் அக்தர் ஹமீத் கான். வங்காளத்தின் கொமில்லா மாவட்டத்திலும், பிற்காலத்தில் கராச்சியின் ஒராங்கியிலும் அவர் செய்த பணிகள் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாக நடத்தப்படுகின்றன. ஆனால் தமிழ் பேசும் முஸ்லிம்களில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

பதவியைத் துறந்த அதிகாரி

1914ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று ஆக்ராவில் பிறந்தார். தந்தை காவல்துறை ஆய்வாளர். ஆக்ராவிலும் மீரட்டிலும் படித்து ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர், 1936இல் ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வானார். அன்றைய இந்தியாவில் ஓர் இளைஞர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அது. பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். திரும்பி வந்ததும் வங்காளத்தில் பணியமர்த்தப்பட்டார். உருதுவைப் பேசி வளர்ந்த அவர் வங்க மொழியையும் ஆர்வத்தோடு கற்றார். அரபு, பாரசீகம், பாலி மொழிகளிலும் அவருக்குப் பயிற்சி இருந்தது. 1940இல் கக்சார் இயக்கத் தலைவர் அல்லாமா மஷ்ரிகியின் மகள் ஹமீதா பேகத்தை மணந்தார்.

1943இல் வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியது. ஜப்பானியப் படை வந்துவிடும் என்ற அச்சத்தில் பிரிட்டிஷ் அரசு கடலோர மாவட்டங்களில் படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்தியிருந்தது. அரிசி விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. மதிப்பீடுகளின்படி 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அரசு நடந்துகொண்ட விதம் அந்த இளம் அதிகாரியின் மனத்தை உடைத்தது. 1945இல் பதவியை விட்டு விலகினார்.

அதன் பிறகு செய்த காரியம்தான் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரையும் திகைக்க வைத்தது. அலிகர் அருகே மாமூலா என்ற கிராமத்துக்குப் போய்க் கூலித் தொழிலாளியாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் வேலை செய்தார். அலிகர் பூட்டுக்குப் பேர்போன ஊர். நேற்றுவரை மாவட்ட நிர்வாகத்தில் இருந்தவர் பட்டறையில் அரம் பிடித்தார். ஏழைகளைப் பற்றிக் கோப்புகளில் படித்தது போதும், அவர்களின் உழைப்பும் கூலியும் எப்படியிருக்கும் என்பதை உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் எண்ணினார். இந்தச் சோதனை சுமார் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. வறுமையை விரும்பி ஏற்பவனுக்கும் வேறு வழியின்றி அதில் பிறந்தவனுக்கும் உள்ள தூரத்தை அந்தப் பட்டறை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். ஏழைகளுக்கு வறுமையின் மேன்மையை அவர் பிற்காலத்தில் ஒருபோதும் போதிக்கவில்லை.

1947இல் டெல்லி ஜாமியா மில்லியாவில் ஆசிரியரானார். 1950இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்து, அதே ஆண்டில் கிழக்கு வங்காளத்தின் கொமில்லா விக்டோரியா கல்லூரிக்கு முதல்வராகச் சென்றார். இடையில் 1954-55இல் கிராம வளர்ச்சிக்கான அரசுத் திட்டம் ஒன்றின் இயக்குநராகவும் இருந்து பார்த்தார். அதிகாரிகள் கிராமத்துக்குப் போய் அறிவுரை சொல்லித் திரும்பும் முறையால் எதுவும் மாறாது என்பதை அங்கே கண்டுகொண்டார்.

தாழ்நிலமும் கந்துவட்டியும்

கொமில்லா நெல் விளையும் தாழ்நிலம். கும்தி ஆறு பெருகினால் பயிர் மூழ்கும். மழைக்காலம் முடிந்தால் பாசனமின்றி நிலம் காயும். ஒரு விவசாயிக்கு இருந்தது ஓரிரு ஏக்கர், அதுவும் துண்டு துண்டாக. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் நெல் தீர்ந்துவிடும். அப்போது கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டும். கடனை அடைக்க அறுவடை செய்த நெல்லை விலை குறைந்திருக்கும்போதே விற்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் நிலம் அடமானத்துக்குப் போகும். பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். வட்டி ஹராம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பசிக்கு வேறு வாசல் இல்லை.

1959ஆம் ஆண்டு மே 27 அன்று கொமில்லாவில் ஊரக வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அக்தர் ஹமீத் கான் அதன் நிறுவன இயக்குநர். பாகிஸ்தான் அரசோடு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் ஆலோசகர்களை அனுப்பியது. அரசு அதிகாரிகளுக்குக் கிராம வளர்ச்சி குறித்துப் பயிற்சி தருவதே அதன் வேலை. ஆனால் அதிகாரிகளுக்கு எதைக் கற்றுத் தருவது? கற்றுத் தருபவர்களுக்கே கிராமம் தெரியாதே என்று அவர் யோசித்தார். எனவே கொமில்லா நகரைச் சுற்றியிருந்த கோத்வாலி தானாவைக் கழகத்தின் ஆய்வுக்கூடமாக அனுமதி பெற்று எடுத்துக்கொண்டார். தானா என்பது ஒரு காவல் நிலைய எல்லைக்கு உட்பட்ட நிர்வாக வட்டம். சுமார் இரண்டு லட்சம் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள்.

பேராசிரியர்கள் கிராமங்களுக்கு நடந்தார்கள். பாடம் நடத்துவதற்கு முன் விவசாயிகள் சொல்வதைக் கேட்டார்கள். ஊர் மக்கள் இரண்டு குறைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தண்ணீர் சொன்னபடி வருவதில்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது. எல்லாத் திட்டங்களும் இந்த இரண்டிலிருந்தே பிறந்தன.

முதலில் சேமிப்பு, பிறகு கடன்

கூட்டுறவுச் சங்கங்கள் வங்காளத்துக்குப் புதியவை அல்ல. ஆனால் பல ஊர்களைச் சேர்த்து அமைக்கப்பட்ட பெரிய சங்கங்கள் வசதி படைத்தவர்களின் கையில் சிக்கி, வாங்கிய கடன் திரும்பாமல் நொடித்துப் போயிருந்தன. கான் ஒரு கிராமத்துக்கு ஒரு சங்கம் என்று வைத்தார். ஒருவரையொருவர் முகம் பார்த்து அறிந்தவர்கள் மட்டுமே அதில் இருக்க முடியும்.

சங்கத்துக்கு விதிகள் கடுமையாக இருந்தன. வாரம் ஒருமுறை அனைவரும் கூட வேண்டும். ஒவ்வொருவரும் வாராவாரம் ஏதாவது சேமிக்க வேண்டும். காசு இல்லையென்றால் நெல்லாகவும் கொடுக்கலாம். கணக்கு சுத்தமாக எழுதப்பட வேண்டும். பருவத்துக்கு என்ன பயிர், எவ்வளவு செலவு என்று கூடிப் பேசித் திட்டமிட வேண்டும். தங்களுக்குள் நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அவர் கற்று வந்ததை அந்த வாரக் கூட்டத்திலேயே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகே கடன்.

இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் இரண்டு தலைகீழ் மாற்றங்கள் இருந்தன. அதுவரை அதிகாரி கிராமத்துக்குப் போய்ப் போதித்தார். இங்கே விவசாயி கழகத்துக்கு வந்து கற்று, தம் ஊருக்குத் தாமே ஆசிரியரானார். வெளியூர்க்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடும் ஊர், பக்கத்து வயல்காரர் தம் வயலில் செய்து காட்டினால் நம்பியது. வரிசை நடவைக் கற்றுத் தர ஜப்பானிய நெல் நிபுணர்கள் வந்தார்கள். அதைப் பரப்பியவர்கள் இந்த விவசாய ஆசிரியர்களே.

இரண்டாவது மாற்றம், ஏழைகளால் சேமிக்க முடியாது என்ற எண்ணத்தை அவர் ஏற்க மறுத்தது. வாரச் சேமிப்பு மிகச் சிறியதாகவே இருந்தது. ஆனால் தம் காசு உள்ளே கிடக்கும் சங்கத்தின் கணக்கை மக்கள் கண்காணிப்பார்கள். யாரோ கொடுத்த பணம் என்றால் எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சேமிப்பு பணத்தைவிடப் பெரிய ஒன்றைத் தந்தது: கேள்வி கேட்கும் உரிமை.

1962இல் கிராமச் சங்கங்கள் இணைந்து தானா அளவில் மத்தியக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தன. தனித்தனியே வாங்க முடியாத டிராக்டர்களையும் பம்புகளையும் மத்தியச் சங்கம் வாங்கி வாடகைக்கு விட்டது. ஓட்டுநர்களையும் பழுது பார்ப்பவர்களையும் ஊர்ப் பிள்ளைகளிலிருந்தே பயிற்றுவித்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. தரிசாகக் கிடந்த நிலத்தில் வறண்ட பருவத்தில் போரோ நெல் விளைந்தது.

கூட்டுறவுக் கடனுக்கும் வட்டி வசூலிக்கப்பட்டது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. கந்துவட்டியோடு ஒப்பிட்டால் அது சிறியது. இருந்தாலும் நமக்கு அது முன்மாதிரி ஆகாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சேமிப்பு, கூட்டம், கணக்கு, பயிற்சி என்ற ஒழுங்கை. கர்ளன் ஹஸனா என்னும் வட்டியில்லாக் கடனை ஊரளவில் நடத்த நினைப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் அதிகமாகத் தேவை. வட்டி இல்லாத இடத்தில் கடனைத் திரும்பக் கொண்டுவருவது நம்பிக்கையும் ஒழுங்கும் மட்டுமே.

வாய்க்கால், இமாம், பெண்கள்

பாசனத்தோடு வடிகாலும் வேண்டும். 1961-62இல் கோத்வாலி தானாவில் ஊரகப் பணித் திட்டம் சோதிக்கப்பட்டது. தூர்ந்த வாய்க்கால்களைத் தூர்வாருதல், கரை எழுப்புதல், சாலை போடுதல் ஆகியவை அதில் அடங்கின. வயலில் வேலை இல்லாத வறண்ட மாதங்களில் நிலமற்றவர்களுக்குக் கூலி கிடைத்தது. வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் உள்ளூர்க் குழுவே நடத்தியது. கணக்கு ஊர் முன் வைக்கப்பட்டது. சோதனை வெற்றி பெற்றதால் மறு ஆண்டே அத்திட்டம் கிழக்குப் பாகிஸ்தான் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

கல்விக்கு அவர் தேர்ந்தெடுத்த வழி நம் கவனத்துக்குரியது. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களிலும் பள்ளிவாசல் இருந்தது. இமாம் இருந்தார். குழந்தைகள் காலையில் ஓத வந்தார்கள். அந்த இமாம்களுக்கே பயிற்சி கொடுத்து, எழுத்தும் கணக்கும் கற்பிக்க வைத்தது கழகம். புதுக் கட்டடம் தேவைப்படவில்லை. ஊர் நம்பாத ஆசிரியரை வெளியிலிருந்து கொண்டுவரவும் தேவைப்படவில்லை. ஊரில் ஏற்கெனவே இருக்கும் மரியாதைக்குரிய ஓர் அமைப்பின் மேல் புதிய பணியை ஏற்றி வைத்தார்கள், அவ்வளவுதான்.

1960களின் தொடக்கத்தில் பெண்களுக்கான பயிற்சியும் ஆரம்பமானது. வீட்டு வாசலைத் தாண்டாத கிராமப் பெண்கள் பர்தா அணிந்து கழகத்துக்கு வந்து எழுத்து, தையல், குழந்தை நலம் கற்றார்கள். எதிர்ப்பு எழாமல் இல்லை. ஊரின் வழக்கத்தோடு மோதாமல், குடும்பத்தாரின் சம்மதத்தோடு மெல்ல நகர்வதையே கழகம் கடைப்பிடித்தது. கற்றுத் திரும்பிய பெண்கள் தம் ஊர்ப் பெண்களுக்குக் கற்பித்தார்கள்.

1963இல் அக்தர் ஹமீத் கானுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. பல நாடுகளிலிருந்தும் கொமில்லாவைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

வெற்றியே விளைவித்த சேதம்

சரித்திரத்தை இங்கேயே நிறுத்தினால் இது இன்னொரு வெற்றிக் கதையாக முடிந்துவிடும். பாடம் அடுத்து நடந்ததில்தான் இருக்கிறது.

கொமில்லா புகழ்பெற்றதும் அதை எங்கும் பரப்ப அரசு அவசரப்பட்டது. ஒரு தானாவில் பல ஆண்டுகள் உடனிருந்து வளர்த்ததை நூற்றுக்கணக்கான தானாக்களில் சில ஆண்டுகளில் செய்ய முயன்றார்கள். சங்கங்களின் எண்ணிக்கை உயர்ந்தது. வாரக் கூட்டம் பெயரளவுக்கு ஆனது. சேமிப்பு குறைந்தது. பயிற்சியாளர்கள் போதவில்லை. கடன் மட்டும் தாராளமாகப் போனது. நிலபுலம் உள்ளவர்கள் சங்கங்களைக் கைப்பற்றினார்கள். ஆழ்குழாய்க் கிணறு செல்வாக்குள்ளவரின் வயலோரத்தில் இறங்கியது. கடனைத் திருப்பிக் கட்டாதவர்களில் பெரிய கைகளே முன்னால் நின்றன. கோத்வாலியிலேயே நிலுவைகள் சேர்ந்தன. சங்கம் விவசாயிகளுக்கானது என்பதால் நிலமே இல்லாத கூலிகள் தொடக்கத்திலிருந்தே அதன் விளிம்பில்தான் இருந்தார்கள். பணித் திட்டம் தந்த கூலி தவிர அவர்களுக்குக் கிடைத்தது குறைவு.

இந்தக் குறைகளை விமர்சகர்கள் மட்டும் சொல்லவில்லை. கானும் தம் எழுத்துகளில் அவற்றைத் திறந்த மனத்தோடு ஆராய்ந்தார். தாம் கட்டியது சிதைவதைப் பார்த்துக்கொண்டு அதைப் பற்றி நேர்மையாக எழுதுவது எளிதல்ல. 1971இல் வங்கதேசப் போர் வந்தது. அவர் வளர்த்த கழகமும் அவர் நேசித்த மக்களும் ஒரு நாட்டில், அவர் வேறொரு நாட்டில் என்றானது. இருபது ஆண்டு உழைப்பை விட்டுவிட்டுப் பாகிஸ்தானுக்குப் போனார். அங்கும் பின்னர் மிச்சிகனிலும் கற்பித்தார்.

அறுபத்தைந்தில் மறுபடியும் தொடக்கம்

1980இல், பலர் ஓய்வில் இருக்கும் வயதில், கராச்சியின் ஒராங்கிக்கு வந்தார். பல லட்சம் பேர் வாழ்ந்த அங்கீகாரமற்ற குடியிருப்பு அது. வங்கதேசத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அங்கே நிறைய இருந்தார்கள். தெருவில் கழிவுநீர் ஓடியது. குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். பி.சி.சி.ஐ. அறக்கட்டளை அவருக்குப் பணம் கொடுத்தது. இலவசமாகச் சாக்கடை போட்டுத் தருவார் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு குழாய்கூட அவர் வாங்கித் தரவில்லை. செலவை ஆய்வு செய்யவும், வரைபடம் போடவும், செலவு குறைந்த வடிவமைப்பைக் கண்டுபிடிக்கவும், கொத்தனார்களைப் பயிற்றுவிக்கவும் அதைச் செலவிட்டார். 20 முதல் 30 வீடுகள் கொண்ட ஒரு சந்து தன்னை அமைப்பாகத் திரட்டி, தன் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, பணம் வசூலித்து, தானே வேலையை நடத்த வேண்டும். வடிவமைப்பை எளிமையாக்கியதில் ஒரு வீட்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,000 ரூபாய். ஒப்பந்தக்காரர் வழியாக நடந்தால் ஆகும் செலவில் அது சிறு பகுதிதான். பல்லாயிரம் வீடுகள் இப்படித் தம் சொந்தக் காசில் கழிவுநீர்க் குழாய் அமைத்துக்கொண்டன. சந்தைத் தாண்டிய பெரிய கால்வாய்களும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்பதையும் அவர் தெளிவாகப் பிரித்து வைத்தார்.

கொமில்லாவின் வித்து வேறு மண்ணிலும் முளைத்தது. அவரை ஆசானாகக் கொண்ட ஷுஐப் சுல்தான் கான் 1982இல் ஆகா கான் அறக்கட்டளையின் துணையோடு கில்கித் மலைக் கிராமங்களில் பணி தொடங்கினார். அமைப்பாகத் திரளுங்கள், சேமியுங்கள், திறனை வளர்த்துக்கொள்ளுங்கள் என்ற மூன்று நிபந்தனைகளோடு, ஊர் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு வாய்க்காலுக்கோ சாலைக்கோ உதவி கிடைத்தது. பின்னர் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக அவர் ஆந்திரத்திலும் பணியாற்றினார். அங்கே மகளிர் சுய உதவிக் குழுக்கள் வேரூன்றியதில் அந்தப் பணிக்குப் பங்கு உண்டு.

முதுமையில் மதநிந்தனை வழக்குகளையும் அக்தர் ஹமீத் கான் சந்திக்க நேர்ந்தது. அவற்றைச் சுமந்துகொண்டே வேலையைத் தொடர்ந்தார். 1999 அக்டோபர் 9 அன்று அமெரிக்காவில் காலமானார். வயது 85. உடல் கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, ஒராங்கியில் அவர் பணியாற்றிய அலுவலக வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது.

நமக்கான பாடம்

ஜகாத்தும் ஸதகாவும் ஏழையின் உரிமை. பசித்தவனிடம் சங்கம் அமைத்துவிட்டு வா என்று சொல்ல முடியாது. வெள்ளத்தில் தவிப்பவனுக்கும் நோயில் கிடப்பவனுக்கும் நிபந்தனை இல்லாமல் உடனே கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு கிராமத்தைக் கைதூக்கிவிட வேண்டும் என்று ஒரு ஜமாஅத்தோ அறக்கட்டளையோ தீர்மானித்தால், அது வேறு வேலை. அதற்கு வேறு ஒழுங்கு வேண்டும்.

எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணுவதோடு, எத்தனை பேர் அடுத்த ஆண்டு வாங்க வரவில்லை என்றும் எண்ண வேண்டும். பொருளுக்குச் செலவிடுவதுபோலக் கற்றுத் தருபவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் செலவிட வேண்டும். பத்து ஊர்களில் ஒரு நாள் இருப்பதைவிட ஓர் ஊரில் பத்து ஆண்டுகள் இருக்க வேண்டும். நிலமற்றவர்களும் விதவைகளும் முதல் கூட்டத்திலேயே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றால் அவர்கள் வெளியேதான் நிற்பார்கள். கொமில்லா நல்ல திட்டமாக இருந்தும் அங்கேதான் சறுக்கியது. முதல் சங்கம் உறுதியாக நிற்கும் முன்பே நூறாவது சங்கத்தைத் திறக்கும் ஆசைக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பெருநாள் முடிந்து பைத்துல்மால் கணக்கைப் பார்க்க உட்காரும் நிர்வாகிகள், பெயர்ப் பட்டியலைப் போன ஆண்டுப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதே பெயர்கள் திரும்ப வந்திருந்தால், அந்த வீடுகளின் கதவைத் தட்டி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.